ஐயரம்மா கவலைப்படக் கூடாது

ஜூலை 6, ஞாயிறு

இன்னைக்குச் சர்ச்சில் எல்லாரும் சிரிப்பாய்ச் சிரிச்சுட்டாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

கல்யாணத்துக்கு முன்னால் மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு, தடை சொல்ல யாராவது இருக்காங்களான்னு சபையில் கேட்கிறது வழக்கம். இன்னைக்கு என் வீட்டுக்காரர் பீடத்துக்கு முன்னால் நின்னு, குரலைச் செருமிக்கிட்டு, ஜாய்சிக்கும் மேலத்தெரு மாப்பிள்ளைக்கும் ஓலை வாசிச்சார். அந்த ரெண்டு பேருக்கும் போன மாசமே கல்யாணம் முடிஞ்சாச்சு. நடத்தி வச்சதே இவர்தான். ஜாய்சி புதுத் தாலிச் செயினோட மூணாவது வரிசையில உட்கார்ந்து திருதிருன்னு முழிக்கா. "தடை சொல்றவங்க யாராவது உண்டா"ன்னு இவர் கேட்டதும் அவ மாமியார், "ஐயரே, இப்பவும் சொல்லலாமா?"ன்னு ஒரு போடு போட்டா. அவ்வளவுதான், கொயர்ல இருக்கிறவங்ககூட வாயைப் பொத்திக்கிட்டாங்க.

தப்பு, இவருக்கு ஒத்தாசையா இருக்கிற உபதேசியார் தங்கையா மேல. பழைய காகிதத்தை எடுக்காம புஸ்தகத்துக்குள்ள வச்சிருந்தா யார்தான் வாசிக்க மாட்டாங்க? வெளியே வந்ததும் அவரைப் பிடிச்சு நல்லாக் கேட்டுட்டேன். பாவம், தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். "நான் பழசை எடுத்துட்டேனே அம்மா"ன்னு மட்டும் சொன்னார். அதுக்கும் சேர்த்து ரெண்டு வாங்கிக் கட்டிக்கிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில கேஸ் கொண்டுவந்த ஆள் புதுசு. மதுரைப் பக்கமாம். வாசல்லயே நின்னு மோந்து பார்த்துட்டு, "ஐயர் வீடுன்னு சொன்னாங்க, கருவாட்டு வாசம் வருதேம்மா?"ன்னு கேட்டார். எங்க பக்கம் சர்ச்சுக் குருவானவரைத்தான் ஐயர்னு சொல்லுவோம், நான் ஐயரம்மா, கருவாடு எங்க வீட்டுல அடிக்கடி உண்டுன்னு விளக்கம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்தாப்புல எப்சிபாய் டீச்சர் வந்துட்டாங்க. பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். ஆகஸ்ட் ரெண்டாம் தேதி பெண்கள் பண்டிகைக்கு நான்தான் பேசணுமாம். தலைப்பு, கவலையை ஜெயிப்பது.

"வேற யாரையாவது கூப்பிடுங்க டீச்சர்."

"உங்களை விட்டா யாரு? கவலையே தெரியாத முகம்லா உங்களுக்கு. எங்களைப் போலவா? நீங்க கொடுத்து வச்சவங்கல்லா."

அப்புறம் அவங்க கவலையெல்லாம் ஆரம்பிச்சாங்க. மருமகள் பேசுறதில்லை, முழங்கால் வலி, கிணத்துல தண்ணி உப்பாயிட்டுது. காப்பி ஆறிப்போச்சு. எல்லாத்துக்கும் ஜெபம் பண்ணி அனுப்பினேன். முப்பத்தொரு வருஷமா இதே வேலை. ஊர்ல எல்லாரும் கவலைப்படலாம், ஐயரம்மா மட்டும் படக் கூடாது. பட்டா அது ஆண்டவர் மேலேயே புகார் கொடுத்த மாதிரி ஆயிடும்.

ஜூலை 11, வெள்ளி

இவருக்கு சுகர் கூடியிருக்கு. அதான் விஷயம். சுகர் கூடினா தலை கிறுகிறுக்கும், ஓலையும் மாறிப்போகும். இன்னையிலிருந்து அரிசியைக் குறைச்சாச்சு.

ஜூலை 14, திங்கள்

கோயம்புத்தூர்ல இருந்து பெனிட்டா ஃபோன் பண்ணினா. எங்களுக்கு ஒரே பொண்ணு, அதனால ஒன்பது பிள்ளைகளோட அதிகாரம் அவகிட்ட இருக்கு.

"அம்மா, அப்பா நேத்து என்னைக் கூப்பிட்டு பிறந்தநாள் ஜெபம் பண்ணினாங்க."

"நல்லதுதானே."

"எனக்குப் பிறந்தநாள் டிசம்பர்ல அம்மா."

"அவருக்கு எத்தனை பேர் பிறந்தநாள்! இந்தச் சேகரத்துல ஏழு சபை. நீ வந்து ஒரு வாரம் இந்த வீட்டுல இருந்து பாரு, அப்புறம் சொல்லு."

ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டணும்னு சொன்னா. எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துட்டுது. ஆஸ்பத்திரி வாசல்ல கால் வச்சா சாயங்காலத்துக்குள்ள சபைக் கமிட்டிக்குத் தெரிஞ்சிடும். இவர் ஓய்வுபெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. இந்த வீடு சபையோட வீடு. எங்களுக்குன்னு ஒரு செங்கல் கிடையாது. அதைவிட, பீடத்துல நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா இந்த மனுஷன் என்ன செய்வார்? காலையில எழுந்து அங்கியை இஸ்திரி போட்டு மாட்டுறதுதான் அவருக்கு மூச்சு விடுறது. இதையெல்லாம் அவகிட்ட சொல்லலை. "அடுப்புல பால் இருக்கு"ன்னு சொல்லி வச்சுட்டேன். பால் இல்லை.

திருமண்டலம் கொடுத்த இந்த டைரியில பக்கத்துக்கு ஒரு வசனம் அச்சடிச்சிருக்கு. இன்னைக்குள்ளது பயப்படாதேன்னு வருது. அதுக்கு மேலேயே கொத்தமல்லி, சீரகம், பினாயில்னு எழுதி வச்சுட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

என்னத்தச் சொல்ல.

சபைச் செயலர் ஆசீர்வாதத்தோட பேத்திக்கு இன்னைக்கு ஞானஸ்நானம். மகனும் மருமகளும் துபாய்ல இருந்து வந்திருந்தாங்க. வீடியோ எடுக்க ரெண்டு பேர். வெள்ளை கவுன், தொப்பி, பிள்ளை என்னமோ ராஜாத்தி மாதிரி இருந்தா. ஷாரன் ஜெபான்னு பேர். மேளம் அடிக்காத குறையா ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருந்தாங்க.

இவர் பிள்ளையைக் கையில வாங்கினார். அதுல ஒண்ணும் தடுமாறலை. பிள்ளையை வாங்குறதுல இவருக்கு நிகர் யாரும் கிடையாது, எந்தப் பிள்ளையும் இவர் கையில அழாது. "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்"னு கேட்டார். தகப்பன் "ஷாரன் ஜெபா"ன்னு கணீர்னு சொன்னான். இவர் தண்ணியை அள்ளி நெத்தியில ஊத்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்துல, "பெனிட்டா"ன்னு சொல்லிட்டார்.

அந்தப் பிள்ளையை எவ்வளவு ஆசையாப் பார்த்துச் சொன்னார் தெரியுமா. சிரிச்சுக்கிட்டே.

முன் வரிசையில உட்கார்ந்து நான் வாயை அசைச்சேன். ஷாரன், ஷாரன். இவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிட்டுப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துட்டார். ஒரு தடவை கொடுத்த ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுக்க முடியாது, எங்க சபைச் சட்டம் அப்படி. தாய்க்காரி அழுதா. ஆசீர்வாதம் முகம் கறுத்துப்போச்சு. விருந்துக்குப் போனோம். நான் பிரியாணியை அளைஞ்சுக்கிட்டே இருந்தேன். இவர் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 21, திங்கள்

ஆசீர்வாதம் காலையிலேயே வந்துட்டார். இவர் குளிச்சுக்கிட்டிருந்தார். வேட்டியை மடிச்சுக் கட்டாம, நாற்காலியில உட்காராம, நின்னுக்கிட்டே பேசினார்.

"ஐயரம்மா, நேத்து நடந்ததுக்கு ஒரு விளக்கம் வேணும். இல்லைன்னா நான் பேராயருக்கு எழுத வேண்டியதிருக்கும். ஓலை விஷயத்தையும் சேர்த்து."

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. வாய் மட்டும் ஓடிச்சு. "தப்பு என்மேல. பேரை நான்தான் காகிதத்துல எழுதிக் கொடுத்தேன். எங்க பிள்ளைகிட்ட ஃபோன்ல பேசிக்கிட்டே எழுதினேன், அவ பேரையே எழுதிட்டேன். இவர் அதைப் பார்த்துப் படிச்சார்."

ஆசீர்வாதம் கேட்டார், "நீங்களா?"

"நான்தான்."

"உங்களுக்கு இப்படிக் கவனக்குறைவு வரும்னு நான் நினைக்கலை"ன்னு சொல்லிட்டுப் போனார். சின்னப் பிள்ளையைச் சொல்ற மாதிரி சொன்னார். வாங்கிக்கிட்டேன்.

இவர் தலையைத் துவட்டிக்கிட்டே வந்து யார் வந்ததுன்னு கேட்டார். செயலர், சும்மா வந்தார்னு சொன்னேன். துண்டை முகத்துக்கு மேல போட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னார்.

ஜூலை 23, புதன்

ஜெபம் பண்ணலை. உளுந்து ஊறப்போட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

இப்பல்லாம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆராதனை கிடையாது, டியூட்டிதான். இவருக்கு நேரெதிரா உட்கார்ந்துக்கிட்டு, எது அடுத்து வருதோ அதுக்கு முன்னாலயே வாயை அசைக்கணும். பாமாலை நம்பருக்கு விரலைக் காட்டணும். காணிக்கை எடுக்கிற நேரம் வந்தா என் மணிபர்ஸைத் தூக்கிக் காட்டணும். பின்னால உட்கார்ந்திருந்த பாக்கியத்தாய், "ஐயரம்மா இன்னைக்கு ரொம்ப ஆவியில நிறைஞ்சு இருந்திய"ன்னு சொல்லுதா. ஆவியாவது ஒண்ணாவது. எனக்குக் கழுத்து வலி.

இன்னைக்கு ஒரு தப்பும் வரலை. வீட்டுக்கு வந்ததும் இவர் என் கையைப் பிடிச்சு, "ரொம்ப நன்றி லில்லி"ன்னு சொன்னார். எதுக்குன்னு கேட்டேன். "சாப்பாட்டுக்கு"ன்னார். இன்னும் சாப்பாடே வைக்கலை.

ஆகஸ்ட் 2, சனி

பெண்கள் பண்டிகை முடிஞ்சுது. பேசினேன். நல்லாப் பேசினேன், அதுதான் எரிச்சல்.

கவலைங்கிறது நாளைக்குச் சுமக்க வேண்டியதை இன்னைக்கே தலையில ஏத்திக்கிறது, ஆண்டவர்கிட்ட இறக்கி வச்சுட்டுத் திரும்பி எடுக்கக் கூடாது, நாம பஸ்ல ஏறி உட்கார்ந்த பிறகும் மூட்டையைத் தலையிலேயே வச்சிருக்கோம்னு அடுக்கிக்கிட்டே போனேன். முந்தானையால கண்ணைத் துடைக்காத பொம்பளை கிடையாது. எப்சிபாய் டீச்சர் சால்வை போட்டு, "எங்க பாரமெல்லாம் போயிட்டுதம்மா, அடுத்த மாசம் வடக்குச் சபையிலயும் இதையே பேசணும்"னு சொல்லிட்டாங்க.

என் மூட்டை அப்படியே இருக்கு. நான் சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குள்ள இறங்கலை. இறக்கி வைக்கணும்னா முதல்ல மூட்டை இருக்குன்னு ஒத்துக்கிடணும்லா. நான் அது சுகர், உபதேசியார், வெயில், காகிதம்னு நாளுக்கொரு பேர் வச்சுக்கிட்டிருக்கேன்.

வீட்டுல வந்து சால்வையைப் பீரோவுல வைக்கப் போனா, அங்கே இவரோட செருப்பு இருக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

பனைவிளையில ஒரு பெரியவர் படுத்த படுக்கையா இருக்கார். அவருக்கு ஜெபிக்க இவர் ஸ்கூட்டர்ல போனார். ரெண்டு ஸ்டாப் தூரம். ஒன்பது வருஷமா போற வழி. பதினோரு மணிக்கு வர வேண்டியவர் ரெண்டு மணி ஆகியும் வரலை. ஃபோன் மேஜை மேலேயே கிடக்கு. பனைவிளைக்குக் கூப்பிட்டா, இங்கே வரவே இல்லையேங்கிறாங்க.

மூணு மணிக்கு மீன்காரர் மரியசூசை கூட்டிக்கிட்டு வந்தார். செம்மணல் தேரிப் பக்கம் ரோட்டோரமா வெயில்ல ஸ்கூட்டரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாராம். "வண்டி நின்னுபோச்சான்னு கேட்டேன், இல்லைங்காவ. பின்ன ஏன் நிக்கியன்னு கேட்டா, யோசிக்கேன்னு சொன்னாவ"ன்னு மரியசூசை சொல்லுதார்.

அந்த ஆள் போனதும் நான் கத்தினேன். ஃபோனை எடுத்துட்டுப் போகத் தெரியாதா, யார்கிட்டயாவது கேட்கத் தெரியாதா, நான் இங்கே செத்துப் பிழைக்கணுமான்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். இவர் கட்டில்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தார். நான் முடிச்ச பிறகு, "வழி இருந்த இடத்துல வழி இல்லை லில்லி. எனக்கு ரொம்ப நாளாவே பயமா இருக்கு"ன்னார்.

ரொம்ப நாளாவே. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் பயப்படுவேன்னு அவர் சொல்லலை, அவர் பயப்படுவார்னு நான் சொல்லலை. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் நல்லா நடிச்சிருக்கோம்.

அடுக்களைக் கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணினேன். முழங்கால் போடலை, நின்னுக்கிட்டுத்தான். அழகா ஜெபம் பண்ணுவேன்னு எனக்கு ஊர்ல பேர். இன்னைக்கு அழகா வரலை. "ஆண்டவரே, கவலைப்படாதேன்னு சொல்லிட்டீர். நான் படுறேன். பொய் சொல்ல மாட்டேன். செயலர்கிட்ட சொன்னதே போதும். இந்த மனுஷனை எடுத்துக்கிறதா இருந்தா ஒரேயடியா எடுத்துக்கிடும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா என் கண்ணு முன்னாலயே பிய்ச்சு எடுக்கிறது என்ன வேலை? உமக்கு ஊழியம் செஞ்ச ஆள்தானே இவர்? எனக்குப் பயமா இருக்கு. என்ன செய்யணும்னு தெரியலை. இதான் என் விண்ணப்பம். வேற ஒண்ணும் இல்லை." ஆமென் சொல்ல மறந்துட்டேன்.

சமாதானம் வந்துதான்னு கேட்டா, வரலை. கத்தினதுல தொண்டைதான் கட்டிக்கிட்டுது. ஆனா கதவைத் திறந்து வந்து பெனிட்டாவுக்கு ஃபோன் பண்ணினேன். "டாக்டர்கிட்ட நேரம் வாங்குடி"ன்னு சொன்னேன். அவ ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பாளையங்கோட்டையில நரம்பு டாக்டரைப் பார்த்தோம். பெனிட்டாவும் வந்திருந்தா. சின்ன வயசு டாக்டர், பொறுமையானவர். இது என்ன மாசம்னு கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் வாயை அசைச்சேன்.

"அம்மா, நீங்க சொல்லிக் கொடுக்கக் கூடாது."

அடுத்து மூணு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்பவும் என் வாய் அதுபாட்டுக்கு அசைஞ்சுட்டுது. டாக்டர் பேனாவை வச்சுட்டு, "அம்மா, கொஞ்சம் வெளியே இருக்கீங்களா"ன்னார். ஐம்பத்தெட்டு வயசுல காப்பியடிச்சுப் பிடிபட்டு வராண்டாவுல உட்கார்ந்திருந்தேன். பெனிட்டா சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம்.

மறதி நோய்தான், ஆரம்பக் கட்டம். மாத்திரை இருக்கு. நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். ஸ்கூட்டர் கூடாது. பொறுப்பான வேலை கூடாது. இவர் எல்லாத்தையும் கேட்டுட்டு டாக்டருக்காக ஜெபம் பண்ணினார். ஒரு வார்த்தை தடுக்கலை. டாக்டர் இந்து, கைகூப்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னார்.

"ஆசீர்வாதம் வீட்டுக்குப் போறேன். நீயும் வா."

"எதுக்கு?"

"அன்னைக்கு நீ எனக்காகச் சொன்ன பொய்யைச் சரிபண்ண. குளியலறைக் கதவு மெல்லிசு, எல்லாம் கேட்டுது."

நாள் மறக்குது, வழி மறக்குது, பெத்த பிள்ளை பிறந்த மாசம் மறக்குது. இது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. பேராயருக்கு முதல்ல நாமளே எழுதுவோம், பெனிட்டா வரட்டும், மழை வர்ற மாதிரி இருக்குன்னு என்னென்னமோ சொல்லிப் பார்த்தேன். கேட்கலை. "லில்லி, மத்ததெல்லாம் என்னைக் கேட்காம என்னைவிட்டுப் போகுது. உண்மையை நானா விடக் கூடாது"ன்னார். செருப்பைத் தேடிக் கொடுத்தேன்.

ஆசீர்வாதம் வீட்டுல எல்லாரும் இருந்தாங்க, பிள்ளையும் இருந்துது. இவர் நின்னுக்கிட்டே சொன்னார். "காகிதம் ஒண்ணும் கிடையாது. என் மனைவி எழுதலை. உங்க மகன் சரியாத்தான் சொன்னார். எனக்கு மறதி நோய். டாக்டர் சொல்லிட்டார். உங்க பிள்ளையைக் கையில வாங்கினப்ப, எங்க பிள்ளைன்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

ஆசீர்வாதம் என் பக்கம் திரும்பினார். "என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னிய ஐயரம்மா."

"சொன்னேன்"னு சொன்னேன். "பயந்து சொன்னேன். எங்களுக்கு என்ன ஆகும்னு பயம்." ஐயரம்மா ஆகி முப்பத்தொரு வருஷத்துல, பயமா இருக்குன்னு சபைக்காரங்க முன்னால நான் சொன்னது இதுதான் முதல் தடவை. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலை.

ஆசீர்வாதம் அப்படி ஒண்ணும் உருகிடலை. விறைப்பான மனுஷன். எழுத வேண்டியதை எழுதத்தான் வேணும்னார். ஆனா உட்காரச் சொன்னார். மருமகள் காப்பி போட எழுந்தா. போகிற போக்குல பிள்ளையை இவர் கையில கொடுத்துட்டுப் போனா. யாரும் வேண்டாம்னு சொல்லலை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பேராயர் ஆபீஸ்ல இருந்து பதில் வந்துட்டுது. இவருக்கு மருத்துவ விடுப்பு. வேற ஒருத்தர் வந்து ஆராதனை நடத்துவார். வருஷக் கடைசி வரைக்கும் இந்த வீட்டுல இருக்கலாம். அதுக்குப் பிறகு என்னன்னு தெரியாது. இன்னைக்கு ஆமென்வரைக்கும் ஜெபம் பண்ணினேன். அரைக் கிலோ ரவை வாங்கணும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. புது ஐயர் சின்னப் பையன் மாதிரி இருக்கார், பாட்டு நல்லாப் பாடுதார். எங்க சர்ச்சில ஆம்பளைங்க இடது பக்கம், பொம்பளைங்க வலது பக்கம். இவரை இடது பக்கம் தங்கையா பக்கத்துல உட்கார வச்சுட்டு வந்தேன். ரெண்டாவது பாட்டுக்குள்ள எழுந்து நேரா வந்து என் பக்கத்துல உட்கார்ந்துட்டார்.

"உங்க இடம் அங்கே. எல்லாரும் பார்க்காங்க."

"பார்க்கட்டும். உன் பக்கத்துல உட்கார்ந்து நான் ஆராதனை கேட்டதே இல்லை."

உண்மைதான். கல்யாணத்தன்னைக்கு நின்னதோட சரி. அதுக்குப் பிறகு அவர் பீடத்துல, நான் பெஞ்சுல. நான் தலையில முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டேன்.

அப்பமும் ரசமும் வாங்கப் பந்திக்குப் போனோம். முழங்கால் போட்டேன், இவரும் பக்கத்துல போட்டார். முப்பத்தொரு வருஷமா எனக்கு அப்பத்தைக் கொடுத்த கை, என் கை பக்கத்துல ஏந்திக்கிட்டு இருக்கு. புது ஐயர் அப்பத்தை வச்சதும் கையை மூடிக்கிட்டார். எங்க வரிசை எழுந்து போயிட்டுது, இவர் எழுந்திருக்கலை. பின்னால அடுத்த வரிசை நிக்குது. "எழுந்திருங்க"ன்னு இடிச்சேன். "இரு லில்லி. இங்கே இருந்து பார்த்தா வேற மாதிரி இருக்கு"ன்னார். நானும் இருந்தேன். நிக்கிறவங்க நிக்கட்டும். கவலை போயிட்டுதான்னு கேட்டா போகலை, அங்கேயேதான் இருந்துது. மறைச்சு வைக்க வேண்டிய வேலை மட்டும் இல்லை.

கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிக்கிட்டு வந்தா, பொம்பளைங்க பக்கம் பெஞ்சு நிறைஞ்சுபோச்சு. எப்சிபாய் டீச்சர் பக்கத்துல வச்சிருந்த பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு நகர்ந்தாங்க. அவங்களைப் பார்த்து அந்தப் பக்கத்துல இருந்தவங்களும் நகர்ந்தாங்க. எங்க ரெண்டு பேருக்கும் இடம் கிடைச்சுது.

உட்கார்ந்ததும், "மத்தியானம் என்ன குழம்பு?"ன்னு கேட்டார். காலையில இருந்து இதையேதான் கேட்டுக்கிட்டிருக்கார்.

விளைமீன்னு சொன்னேன்.